பிறந்த நாடு என்ற கட்டம்

எஸ்கில்ஸ்தூனா, ஸ்வீடன்
9 ஜனவரி 1972

அன்பு மகள் விர்வேக்கு,

ஸ்வீடன் அரண்மனையின் பட்டுத் திரைகளையெல்லாம் வெட்டிப் புகழ்பெற்றிருக்க வேண்டிய கத்தரிக்கோல்களைத் தீட்டுபவனும், அரண்மனையிலிருந்து ஒருவரும் வந்து கேட்காத ஒரே குறையால் ஆலையிலேயே நின்றுபோனவனுமாகிய உன் சித்தப்பன் ஆர்னோ எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு இரண்டு நாள் முந்தியே வானிலை அறிக்கை வாசிக்கிறது. நீயும் குழந்தையும் நலமா? என் அண்ணன் எட்கர், அந்த மௌனச் சாமியார், நலமா? நம் கடிதங்களை நமக்கு முன்னால் பிரித்து வாசிக்கும் மூன்றாவது வாசகர் ஐயாவுக்கும் என் பணிவான வணக்கம். அவருடைய கண்பார்வை நீடூழி வாழ்க.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புத்தாண்டுக் கடிதத்தின் அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது. "ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போ. எட்கர்." மகளே, நாற்பத்துநாலில் சோவியத் படை எஸ்தோனியாவுக்குள் வந்தபோது நான் படகேறி இந்தக் கரைக்கு வந்த பிறகு உன் அப்பன் எனக்கு எழுதிய முதல் வரி இது! படித்ததும் நான் போட்ட கூச்சலில் நகரத்துப் புறாக்கள் அத்தனையும் நார்வேக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கீழ் வீட்டு லுண்ட் அம்மாள் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா ஆர்னோ?"

"இல்லம்மா. ஒருத்தன் பேசிட்டான்."

வருகிறேன். சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு, ஹெல்சிங்கி வழியாகக் கப்பலில், தாலினுக்கு. மே மாதம். மூன்று நாள்தான் தருவார்களாம். இருபத்தெட்டு வருஷப் பேச்சை மூன்று நாளில் பேச வேண்டுமானால் நானும் அவனும் ஒரே நேரத்தில் பேசியாக வேண்டும். அவனுக்குப் பேச்சு வராது என்பதால் அவன் பங்கையும் நானே பேசிவிடுகிறேன். எட்கரிடம் சொல், காலணிக்குப் பாலிஷ் போடட்டும்.

உங்கள் எல்லோர் தலைமேலும் என் கை.
சித்தப்பா ஆர்னோ

*

தார்த்து
20 பிப்ரவரி 1972

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. ஒரு வேண்டுகோள்: இனிமேல் மூன்றாம் ஆளுக்கு வணக்கம் வேண்டாம். வணக்கம் சொன்னால் அவர் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

அப்பா உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மறுநாளே நடந்து போய்க் காலணிக்குப் புது அடித்தோல் போட்டுவந்தார். வந்த கையோடு பெல்ட்டிலும் ஆணியால் ஒரு துளை போட்டார். "மூணு நாளும் அவனே பேசினா நான் எதுக்கு வரணும்? காலணிய மட்டும் அனுப்பி வைக்கறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தார்த்துவுக்கு வெளிநாட்டார் வர அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தாலினில்தான் தங்க வேண்டும். நாங்கள் பஸ்ஸில் வந்துவிடுவோம். பால் பண்ணையில் எனக்கு மே மாதம் விடுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மே நல்ல மாதம். ஏப்ரலிலேயே முடிந்தால் இன்னும் நல்லது.

அனுப்பிய காபிக்கு நன்றி. குளிரில் கவனமாக இருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
விர்வே

*

எஸ்கில்ஸ்தூனா
12 மார்ச் 1972

அன்பு மகள் விர்வேக்கு,

நலம். முழங்காலுக்குக் கம்பளி சுற்றியதிலிருந்து அது ஓர் ஆட்டுக்குட்டி என்று நினைத்துக்கொண்டு துள்ளுகிறது. நீங்கள் யாவரும் நலம்தானே? எட்கர் பெல்ட்டில் துளை போடுகிறானா? இந்த வயதில் இடையழகு பார்க்கிறானா கிழவன்! மணமகனைப் பார்க்கவா வருகிறேன்?

விசாப் போர்க்களத்தின் வரலாற்றைக் கேள். மூன்றாம் வாசகருக்கு இம்முறை வணக்கம் கிடையாது. அவர் கோபித்துக்கொண்டால் நீ பொறுப்பு.

ஸ்டாக்ஹோமுக்கு ரயிலேறிப் போனேன். சோவியத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. வயது இருபத்தைந்து இருக்கும், முகம் மட்டும் முன்னூறு வருஷம் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன். விண்ணப்பம் மூன்று பிரதி. பெயர், தொழில், தாய் தந்தை பெயர் எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். பிறந்த நாடு என்றொரு கட்டம் வந்தது. எஸ்தோனியா என்று எழுதினேன். வேறென்ன எழுதுவேன்? ஹெர்ரிங் அதில் விரலை வைத்தான்.

"இது என்ன?"

"நான் பொறந்த நாடுங்க."

"அப்படி ஒரு நாடு இல்லையே. சோவியத் ஒன்றியம்னு எழுதுங்க."

"நான் பொறந்தப்போ அதுதாங்க இல்ல."

அவன் என் பிறந்த தேதியைப் பார்த்தான். "நீங்க பொறந்தது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அப்போ ஜார் ஆட்சி. நீங்க எழுதின நாடும்தான் அப்போ இல்ல."

மகளே, ஒப்புக்கொள்கிறேன், ஒரு கணம் தடுமாறினேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எதிரி ஆபத்தானவன். ஆனால் நான் யார்? நம் ஊர் வில்யாந்திச் சந்தையில் நொண்டிக் குதிரையை நாட்டியக் குதிரை என்று சொல்லி விற்றவனுக்குப் பேரன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "அப்போ அது வயித்துல இருந்துச்சுங்க. எங்கம்மா வயித்துல நான் இருந்த மாதிரி."

ஹெர்ரிங் சிரிக்கவில்லை. மூன்று பிரதியையும் திருப்பித் தள்ளினான். "எழுதினா விசா. எழுதலைன்னா அடுத்த ஆள்."

அடுத்த ஆள் வந்தான். நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் ஸ்டாக்ஹோம் நகரமே ஓரடி கடலுக்குள் இறங்கியிருக்கும்.

அன்று மாலை எங்கள் எஸ்தோனியர் பாடகர் குழு ஒத்திகை. குழுத் தலைவர் ரைமண்ட் ஹெய்ன்லாவை உனக்குத் தெரியாது. அவர் இருமினால்கூட அது தேசபக்தி இருமல். "அந்தத் தூதரகக் கதவைத் தட்டினவன் நம்மகூட நின்னு பாடக் கூடாது" என்பது அவருடைய சட்டம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "கதவைத் தட்டினான், தலை குனியல! பாருங்கப்பா, இவன் எஸ்தோனியன்!" நாற்பது பேரும் எனக்காக எழுந்து நின்று பாடினார்கள். இரண்டாம் பாஸ், அதாவது அடித்தொண்டைக் குரல், கொஞ்சம் மெலிந்திருந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனான நான் அழுதுகொண்டிருந்ததுதான் காரணம்.

ஆகவே மே மாதம் கொஞ்சம் தள்ளிப்போகும். எட்கர் புரிந்துகொள்வான். அவன் தம்பி அவனுக்குத் தலைகுனிவு தேடித்தரவில்லை என்று சொல்.

ஆசிகளுடன்,
சித்தப்பா ஆர்னோ

*

தார்த்து
16 ஏப்ரல் 1972

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். ஆற்றுப் பனி உருகிவிட்டது.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாட்டியக் குதிரை வந்த இடத்தில் சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னார்: "அந்தப் பையன் சொன்னது சரிதானே? நாங்க ரெண்டு பேருமே ஜார் காலத்துப் பிள்ளைங்கதானே. ஆர்னோவுக்கு அது நல்லாத் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "அப்போ எந்த மாசம் வர்றான்னு கேளு" என்றார்.

ஆகவே கேட்கிறேன். எந்த மாதம்?

பஸ் பயணம் நீளமாக இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் தன் காரில் அப்பாவைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே தேதி தெரிந்தால் அவரிடம் சொல்லிவைக்கலாம். பின் இருக்கையில் தலையணை போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பால் பண்ணையில் என் விடுப்பை ஜூனுக்கு மாற்றிக்கொண்டேன். மறுபடி மாற்றவும் முடியும். ஆனால் சித்தப்பா, ஜூனே வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
விர்வே

*

எஸ்கில்ஸ்தூனா
14 மே 1972

அன்பு மகள் விர்வேக்கு,

நலம், நலம், மேலும் நலம். ஆலையில் இந்த வாரம் நான் தீட்டிய கத்தரிக்கோல் ஒன்று, கை தவறி விழுந்து மேசையையும் தரையையும் கீழ்த்தளத்து மேலாளரின் அதிகாரத்தையும் வெட்டிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் எப்படி?

என் அண்ணன் காரில்தான் வருவானாமா? அதுவும் தலையணை வைத்தா? சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பனியில் நடந்தே போய், வழியில் என்னையும் தோளில் தூக்கிக்கொண்டு போனவன், இப்போது மந்திரி மாதிரி பின் இருக்கையில் சாய்ந்து வரப்போகிறானாம். வரட்டும். வரவேற்பு வளைவு கட்டுகிறேன்.

இரண்டாம் படையெடுப்பு நடந்தது. இம்முறை தந்திரம். பிறந்த நாடு என்ற கட்டத்தில் 'வில்யாந்தி' என்று மட்டும் எழுதினேன். ஊர் பெயருக்கு எந்த அரசும் கோபிக்க முடியாதல்லவா?

ஹெர்ரிங் பார்த்தான். "ஊர் கேக்கலைங்க. நாடு."

"தம்பி, எனக்கு வயசு அறுபது. ஊர் வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு."

"வீட்டுக்குப் போய் யோசிங்க. ஞாபகம் வந்ததும் வாங்க."

அவனும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். என்னோடு பழகினால் மீனும் பேசும்.

விர்வே, நீ ஏதோ சின்ன விஷயம் என்று நினைப்பாய். அது ஒரு வார்த்தை அல்ல. அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் எழுபதாயிரம் பேர் கடலில் குதித்தோம். அதை மூன்று நாள் விடுதி அறைக்காக எழுதிக் கொடுத்தால் குழுவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பாடுவது? ரைமண்ட் என்னைக் குழுவின் ஆண்டு விழாவில் பேசச் சொல்லியிருக்கிறார். தலைப்பு: 'ஒரு கட்டத்தின் முன் ஒரு மனிதன்'. கை தட்டலில் கூரை பறக்கும் என்று இப்போதே கயிறு கட்டச் சொல்லிவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் சட்டதிட்டம் தளரும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்போது பார்க்கலாம். எட்கருக்கு இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து பழக்கம். ஆறு மாதம் அவனுக்குக் கொட்டாவி விடும் நேரம்.

குழந்தைக்கு முத்தம்.
சித்தப்பா ஆர்னோ

*

தார்த்து
18 ஜூன் 1972

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுத மறுக்கும் வார்த்தையை நான் பள்ளியில் சேர்ந்தபோது எழுதினேன். அப்பாவை வடக்கே காட்டில் மரம் வெட்டக் கொண்டுபோயிருந்த பத்து வருஷமும், அவருக்கு அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அம்மா எழுதினாள். கல்யாணப் பதிவில் எழுதினேன். என் மகள் பிறந்த சான்றிதழில் எழுதினேன். என் கை விழுந்துவிடவில்லை, சித்தப்பா.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும்.

அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். ஆப்பிள் மரம் பூத்து முடிந்ததை அங்கிருந்தே பார்த்தார். நீங்கள் அனுப்பிய காபியை நான்தான் குடிக்கிறேன். வாசனை மட்டும் தனக்குப் போதும் என்கிறார். பக்கத்து நாற்காலியில் கோப்பையை வைக்கச் சொல்கிறார்.

எந்த மாதம் என்று இனிமேல் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே நான் கேட்கவில்லை.

உங்கள் மகள்,
விர்வே

*

எஸ்கில்ஸ்தூனா
10 ஜூலை 1972

அன்பு மகள் விர்வேக்கு,

நலம். உன் கடிதம் கொஞ்சம் காரமாக இருந்தது. எங்கள் வம்சத்துப் பெண்ணுக்கு அந்தக் காரம் இருக்க வேண்டியதுதான். மூக்கில் ஏறி இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறேன். கோபமில்லை.

உன் அப்பன் காபியை மோந்து மட்டும் பார்க்கிறானா? சாமியார் இப்போது நிஜமாகவே துறவறம் பூண்டுவிட்டானா? அடுத்து ரொட்டியையும் படத்தில் பார்த்தே பசியாறுவான். ஜன்னலோரக் கட்டில், வாசனைக்குக் காபி, ஊர்வலத்துக்குக் கார்: மகளே, நீ அவனுக்கு ரொம்பச் செல்லம் கொடுக்கிறாய். விறகு பிளக்கச் சொல். தானாகப் பசிக்கும்.

ஆண்டு விழா முடிந்தது. நான் பேசினேன். முதல் வரிசையில் இருந்த மூன்று பாட்டிமார்கள் அழுதழுது அவர்கள் வழிய விட்ட கண்ணீரில் வீட்டுக்குப் படகில் போனார்கள். ரைமண்ட் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும் ஆர்னோ" என்றார். அவர் இப்போது பின்லாந்து ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். தலைவர் இல்லாமல் ஒத்திகை மந்தமாக இருக்கிறது.

எட்கர் கேட்க வேண்டாம் என்றால் சரி, நானே சொல்கிறேன்: அநேகமாக அடுத்த வசந்தம்.

ஆசிகள்.
சித்தப்பா ஆர்னோ

*

தார்த்து
6 ஆகஸ்ட் 1972

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலம் என்று தெரியும். உங்களை நேரில் பார்த்தவர் சொன்னார்.

என்னோடு பால் பண்ணையில் வேலை செய்யும் லீடாவின் மாமா ஒருவர் போன மாதம் ஸ்வீடனிலிருந்து தாலினுக்கு வந்திருந்தார். சுற்றுலா விசா. மூன்று நாள். லீடா அவரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். விடுதிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் காலுறை, காபி, தலைக்குட்டை கொண்டுவந்திருந்தார். நான் எஸ்கில்ஸ்தூனா ஆர்னோவின் அண்ணன் மகள் என்றதும் திடுக்கிட்டார். "ஆர்னோ எங்க குழுவுல இரண்டாவது பாஸ்" என்றார். அவர் பெயர் ரைமண்ட் ஹெய்ன்லா.

பிறந்த நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"என்னம்மா, பெரிய விஷயமா? ஒரு வார்த்தைதானே. எழுதிட்டு வந்துட்டேன். இது மூணாவது தடவை." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆர்னோவுக்கு மட்டும் எழுதிடாதம்மா. அவன் கொள்கைக்காரன். மனசு ஒடஞ்சிடுவான்."

எழுத வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்பாதான் எழுதச் சொன்னார்.

இந்த மாதக் கடைசிக்குள் வர முடியுமா, சித்தப்பா? அடுத்த மாத முதல் வாரம் என்றாலும் சரி. எதற்கு என்று கேட்காதீர்கள்.

விர்வே

*

எஸ்கில்ஸ்தூனா
27 ஆகஸ்ட் 1972

அருமை மகளே,

பூகம்பம் என்று பத்திரிகையில் வாசித்தால் பயப்படாதே. அது நான்தான்.

உன் கடிதம் வந்த அன்று ஒத்திகை. ரைமண்ட் மேடையில் நின்று தாயகத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு 'ர்' கிடையாது, 'ன்' தான். நேராகப் போய் முன்னால் நின்றேன்.

"பின்லாந்துல மீன் மாட்டுச்சா ரைமண்டு?"

"ஏதோ கொஞ்சம். ஏம்ப்பா?"

"தாலின் விடுதியில வறுத்துத் தந்தாங்களா, இல்ல பச்சையாவே முழுங்கினியா?"

அவன் முகம் வெளுத்த வெளுப்பில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கலாம். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"மெதுவாப் பேசுடா. எல்லாரும் போறாங்க. சத்தம் போடாமப் போறாங்க. நீ ஒருத்தன்தான் அத மேடையில நின்னு பேசின."

"பேசச் சொன்னதே நீதானடா!"

"எவனாவது பேசணும்ல?"

அவன் பாட்டுப் புத்தகத்தை அவன் தலையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் ஆலைக்கு மட்டம் போட்டு ஸ்டாக்ஹோம். ஹெர்ரிங் என்னைப் பார்த்து, "என்னங்க, ஞாபகம் வந்துடுச்சா?" என்றான். வாங்கி எழுதினேன், விர்வே! சோவியத் ஒன்றியம். மூன்று பிரதியிலும், வைக்கோல் போர் அளவு எழுத்தில், கட்டத்தைத் தாண்டி, தாளைத் தாண்டி, மேசை வரைக்கும். அந்தப் பயல் மூன்று தடவை எழுதியதை நான் ஒரே தடவையில் எழுதிக் காட்டினேன். விசா தருவார்கள். செப்டம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, தாலினில் கப்பல்.

எட்கரிடம் சொல்: தம்பி ஜெயித்துவிட்டான். காலணியை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கட்டும்!

வெற்றிக் களிப்புடன்,
சித்தப்பா ஆர்னோ

*

தார்த்து
17 செப்டம்பர் 1972

சித்தப்பாவுக்கு,

அப்பா செப்டம்பர் ஆறாம் தேதி காலமானார். உங்கள் கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

வயிற்றில் கட்டி. போன டிசம்பரிலேயே வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் என் கடிதத்தை வாங்கி அந்த ஒரு வரியைப் பென்சிலால் எழுதினார். நோயைப் பற்றி உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "சாகப் போறவனப் பாக்க வர்றது வேற. அண்ணனப் பாக்க வர்றது வேற. அவன் அண்ணனப் பாக்க வரட்டும்."

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். எழுதாமல் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு எழுதினேன். பெல்ட்டையும் தலையணையையும் கட்டிலையும் எழுதினேன். நீங்கள் அவற்றையெல்லாம் நல்ல வேடிக்கையாக்கித் திருப்பி அனுப்பினீர்கள். அவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். விறகு பிளக்கச் சொன்னதை மட்டும் வாசிக்கவில்லை.

ரைமண்டைப் பற்றி எழுதச் சொன்னது ஏன் என்று பிறகு கேட்டேன். அப்போது அவருக்குப் பேச்சு மெலிந்துவிட்டது. "நான் கூப்பிட்டா வர மாட்டான். ரைமண்டு பேரச் சொல்லு, ஓடி வருவான்" என்றார். உங்களை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணன் எட்டு மாதம் கேட்டு எழுதாத வார்த்தையை, அந்த ஆள் எழுதினார் என்று கேட்டு மறுநாளே எழுதியிருக்கிறீர்கள்.

ஜெயித்துவிட்டதாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்ல ஆள் இல்லை.

தந்தி கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை.

விர்வே

*

தாலின்
29 செப்டம்பர் 1972

விர்வே,

உன் கடிதம் கப்பலேறுவதற்கு முந்தின நாள் கிடைத்தது. வந்துவிட்டேன். இங்கே உள்ளூர்த் தபால் மறுநாளே போய்விடும் என்றார்கள்.

விடுதி மேசையிலிருந்த அம்மாளிடம் தார்த்து இடுகாட்டுக்கு ஒரு தடவை போய்வர அனுமதி கேட்டேன்.

"நீங்க சுற்றுலாப் பயணி. ஊர் எல்லையத் தாண்ட முடியாது."

"எங்க அண்ணன் அங்க இருக்காரும்மா."

"அவர இங்க வரச் சொல்லுங்க" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பஸ்ஸில் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். கோட்டை, கோபுரம், புதிய பாட்டுத் திருவிழா மைதானம். நான் பிறந்த நாட்டைப் பற்றி ஒரு பெண் எனக்கு ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னாள்.

எழுத ஒன்றும் வரவில்லை. இது எனக்கே புதிதாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி வரை கீழே கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ வர வேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆர்னோ

*

தார்த்து
8 அக்டோபர் 1972

சித்தப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தாலினுக்கு வந்தேன். முதல் பஸ்ஸில் கிளம்பி, விடுதிக்கு எதிரே சாலையின் இந்தப் பக்கம் வந்து நின்றேன். உங்களிடம் சொல்ல வேண்டிய நான்கு வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்தேன். கோபமான வார்த்தைகள் அல்ல.

பெரிய கண்ணாடி. உள்ளே எல்லாம் தெரிந்தது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். பெட்டி தூக்குகிறவர்கள் இரண்டு பேரும், மேசைப் பெண்ணும், சுற்றுலாக்காரர்கள் சிலரும் சுற்றி நின்றார்கள். நீங்கள் இரண்டு கையையும் அகல விரித்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்ன கதை என்று வெளியே கேட்கவில்லை. பெட்டி தூக்குகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தான். மேசைப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் அவர்கள் இன்னொன்று கேட்டார்கள் போலிருக்கிறது. நீங்கள் மறுபடி ஆரம்பித்தீர்கள்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

எட்கரின் மகள்,
விர்வே